அப்பா எனக்கு வைத்த பெயர்

சொந்தப் பெயரைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வேலை செய்தவன், மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. பல வருடங்களாக வீட்டுச் செல்லப்பெயர் போட்ட பட்ஜைக் குத்திச் சமாளித்து வந்தேன். புதிதாக வந்த மனேஜர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் நெஞ்சில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

பாஸ்போர்ட்டில் இருப்பது சோவியத் நாட்டை இரும்புப் பிடியில் ஆண்ட ஒருவரின் பெயர். எங்கள் ஊரில் இது புதினமில்லை. கோயிலுக்குப் போனவர்கள் பிள்ளைக்கு முருகன் பெயரை வைத்தார்கள். கட்சிக்குப் போனவர்கள் ரஷ்யத் தலைவர்களின் பெயரை வைத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் என் பெயரில் மூன்று பேர். அங்கே அந்தப் பெயரைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மெல்பேர்ணில்தான் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் அறையில் தொண்ணூறைத் தாண்டிய உக்ரைன்காரி ஒருவர் இருந்தார். அந்தத் தலைவரின் ஆட்கள் வீடு வீடாக வந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனதால் வந்த பஞ்சத்தில், சின்ன வயதில் தப்பியவர். இரண்டு தம்பிகள் தப்பவில்லை. பாண் துண்டுகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பார். யாராவது எடுத்து வீசினால் அழுவார். நான் காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுத்துண்டு ஒன்றை வைத்துவிடுவேன். அதனாலோ என்னவோ, என் கையால் மட்டும்தான் சாப்பிட்டார். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தார். என் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடமும் வாயை மூடிக்கொண்டால் எத்தனை நாள் தாங்குவார்? அந்தப் பயம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை.

ஆத்திரமெல்லாம் அப்பா மேல் திரும்பியது. ஊரில் கட்சிக் கூட்டங்களுக்குக் கொடி பிடித்தவர், இப்போது என்னோடுதான் இருக்கிறார். மனுசி தப்பிய பஞ்சத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"என்னத்தைக் கண்டு எனக்கு இந்தப் பேரை வச்சனீங்கள்?"

"பாசிசத்தைத் தோற்கடிச்ச மனுசனடா அவர். பஞ்சம் கிஞ்சமெல்லாம் முதலாளிமார் கட்டின கதை."

"அந்த மனுசிக்கு நான் கரண்டியால சாப்பாடு தீத்துறனான் அப்பா. அவ கதை கட்டேல்லை."

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெட்கமோ வீம்போ தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் குடிக்காத தேத்தண்ணியைச் சிங்கில் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அன்று மனேஜர் என்னை வாசலிலேயே மறித்து, நான் புதுப் பட்ஜைக் குத்தும்வரை நின்றார். அதோடுதான் பன்னிரண்டாம் அறைக்குப் போனேன். மனுசி கண்ணாடியை எடுத்துப் போட்டு, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் அது எங்கள் தமிழாகவே இருக்கிறது.

"ஆர் வச்சது?"

"அப்பா."

"உயிரோட இருக்கிறாரோ?"

"ஓம்."

கரண்டியைத் தட்டிவிட்டார். சூப் என் சட்டையெல்லாம் கொட்டியது. அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகளுக்கு அறிவித்துவிடுங்கள் என்றார்.

மூன்றாம் நாள் நான் ஒரு பொய்யோடு போனேன். கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பாவிட்டைக் கேட்டனான். தான் விட்டது பிழை எண்டு சொன்னவர். உங்களிட்டை மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்."

அவர் சிரித்தார்.

"பொய். நம்பினவை மன்னிப்புக் கேட்கமாட்டினம். என்ர அப்பாவும் அவனை நம்பினவர். ஊரிலேயே முதல் ஆளா எங்கட கோதுமையைத் தூக்கிக் குடுத்தது அவர்தான். தம்பிமாரைக் குழியில தாட்டிட்டு வந்தும், அவன்ர படத்தைச் சுவரில இருந்து கழட்டேல்லை."

சூப் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பப் போனேன். அவர் அதை ஒரு விரலால் பிடித்து நிறுத்தினார்.

"வயசுபோய் அவர் படுக்கையில விழுந்தவர். அவருக்குச் சாப்பாடு ஆர் தீத்தினது எண்டு நினைக்கிறாய்? நான்தான்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.