மலையடிவாரத்துச் சிமெண்ட் டிரைவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே நான் எழுந்து போய்விடுகிற ஆள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக். கையால் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. போன சித்திரையில் பட்டப்பகலில் நடந்ததைத்தான் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

மனைவி மலர், ஆறு வயது மகள் யாழினி, நான், மூவரும் காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அன்று காலையில்தான் முன்பக்க டயர் ஒன்றை நானே மாற்றியிருந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டினால் சாலையோரம் ஒரு பழைய கட்டடம். மோட்டார் கார் புதிதாக வந்த காலத்தில், மலையேறும் வண்டிகள் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள யாரோ பணக்காரர் கட்டியதாம். கார் முகப்பு மாதிரியே வளைந்த வாசல், ஹெட்லைட் மாதிரி இரண்டு வட்ட ஜன்னல், முன்னால் தொப்பி போட்ட ஆளுயர சிமெண்ட் டிரைவர்.

நெருங்கும்போது அந்த டிரைவர் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். உண்மையான ஆள் என்றே நினைத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். நின்று பார்த்தால் யாருமில்லை, சிலை மட்டும்தான்.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள் மலர்.

இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். காலையில் மாற்றிய சக்கரத்தில் நான்கு நட்டில் இரண்டைக் காணோம், மீதி இரண்டும் விரலால் தொட்டாலே சுற்றின. இறுக்க மறந்தவன் நான்தான். மலையில் இரண்டு வளைவு ஏறியிருந்தால் சக்கரமே கழன்று ஓடியிருக்கும். பின்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டி, எல்லாவற்றையும் இறுக்கினேன்.

எதிரே இளநீர் விற்ற அம்மாவிடம், "அந்தச் சிலை கை காட்டுச்சுங்க" என்று உளறிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஏது சாமி கை? நான் கண்ணாலம் கட்டி வந்தப்பவே லாரி இடிச்சுப் போயிருச்சுங்களே."

திரும்பிப் பார்த்தேன். தோள்பட்டையோடு கை இல்லை. துருப்பிடித்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மலர் எதையும் பார்க்கவில்லையாம். "நம்ம குலசாமி காப்பாத்திருச்சுங்க, வாங்க ஊட்டுக்கே போயிரலாம்" என்றாள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வதுதான் நிம்மதியாக இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

சங்ககிரி வந்தபோது பின்சீட்டிலிருந்து யாழினி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்கப்பா, அந்தத் தொப்பித் தாத்தா எதுக்கு டாட்டா காட்டுனாரு?"

"நம்ம எல்லாத்துக்குமா கண்ணு?"

"இல்லீங்கப்பா. எனக்கு மட்டும்."

இன்றுவரை, காலையில் அவள் பள்ளி வேனில் ஏறி ஜன்னல் வழியாக டாட்டா காட்டும்போது, பதிலுக்கு என்னால் கையைத் தூக்க முடிவதில்லை.