அண்ணியின் பாதி பிரேக்

என் அண்ணி பஸ் டிரைவர். காலையில் டிப்போவில் வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை அழுத்திப் பார்ப்பாள். துளி சந்தேகம் வந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "பாதி பிரேக்கோட நான் கேட்டைத் தாண்ட மாட்டேன்" என்பாள். மேலதிகாரி கத்துவார், அவள் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பாள். பிடிவாதத்தில் அவளை அடிச்சுக்க ஆளில்லை. அந்தப் பிடிவாதம் ஒருமுறை எங்கள் வாண்டின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

வாண்டு அவளுடைய ஒரே மகள். பிறந்து ஒரு வருடம் ஆகும் முன்பே முகம் வீங்கி வெளுத்துப்போனாள். சிறுநீரகத்தின் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிற நோயாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, டயாலிசிஸ் ஆரம்பமாயிற்று. அண்ணி ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். அவள் கதையில் ராஜாவும் டிக்கெட் வாங்கித்தான் பஸ்ஸில் ஏறுவார்.

தன் சிறுநீரகம் ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ரத்தமும் பொருந்திவிட்டது. டாக்டரம்மாதான் தயங்கினார். இந்த நோய் சில குழந்தைகளுக்குப் புதுச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம். காரணம் தெரியாமல் கைவைக்க வேண்டாம் என்று மரபணுப் பரிசோதனை செய்தார். முடிவு வந்த அன்று அண்ணன், அண்ணி, நான் மூவரும் அவர் முன்னால் உட்கார்ந்தோம்.

"செல்லோட சவ்வுல டயாசில்கிளிசரால்னு ஒரு கொழுப்பு உண்டாகும். 'வேலையை ஆரம்பி'ன்னு அது உள்ளே சேதி சொல்லும். வேலை முடிஞ்சா சேதியை நிறுத்தணும்ல? அதுக்கு கைனேஸ்னு ஒரு நொதி இருக்கு. அந்தக் கொழுப்புல ஒரு பாஸ்பேட்டை ஒட்டி வேற பொருளா மாத்திடும். இவளுக்கு அந்த நொதி வேலை செய்யல. சேதி அடங்காம போறதாலதான் ரத்தம் உறையுதுன்னு நினைக்கிறோம்."

"அந்த ஒரு நொதிதான் இருக்கா?" என்றேன்.

"பத்து வகை இருக்கு. இவளுக்குக் கெட்டுப்போனது எப்சிலான்ங்கிற ஒண்ணு."

"பத்துப் பேர் இருந்தும் ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் பார்க்க மாட்டானா? எங்க சொந்தக்காரங்க மாதிரியே இருக்கே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. "அதாவது, என் பொண்ணுக்கு பிரேக் இல்ல."

"அப்படியும் சொல்லலாம். உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த மரபணு ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. இவளுக்கு ரெண்டு பக்கமிருந்தும் பழுதே வந்துடுச்சு. ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு..."

அந்த நல்ல சேதிக்கு அண்ணி இருந்தால்தானே! எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் அண்ணனும் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னோம். புதுச் சிறுநீரகம் தன் நொதியைத் தானே கொண்டுவரும், அதனால் நோய் திரும்ப வர வாய்ப்பு மிகக் குறைவு. எங்கே காதில் வாங்கினாள்?

"எனக்கே பாதி பிரேக்தான். அதை என் பிள்ளைக்குள்ள வச்சு அனுப்புவேனா? வேற யாராவது குடுக்கட்டும்."

வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணனுக்குச் சர்க்கரை. என் ரத்தம் சேரவில்லை. அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று நாளைக் கடத்த, வாண்டு கரைந்துகொண்டே போனாள். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் அவள் உட்கார்ந்துவிட்ட அன்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, பிறந்ததுலேருந்து முப்பத்தாறு வருஷமா நீங்க எந்த பிரேக்கோட ஓடிட்டிருக்கீங்க? அதே பாதிதானே! ஒரு நாளாவது எங்கேயாவது முட்டிச்சா?"

கேட்ட பிறகு எனக்கே பாவமாக இருந்தது. மறுநாள் டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரம்மாவிடம் போனாள்.

"நூத்துக்கு நூறு உறுதி தர முடியாதும்மா. ஆனா நல்ல மரபணு ஒண்ணு இருந்தாலே வேலைக்குத் தேவையான நொதி கிடைச்சிடும். உங்க சிறுநீரகத்தை நல்லா சோதிச்சுப் பார்த்தாச்சு, எந்தக் குறையும் இல்ல" என்றாராம். அண்ணி சம்மதித்து வந்தாள். அன்று ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அடைப்பு திரும்ப வருவதாக இருந்தால் முதல் சில மாதங்களில் வரலாம் என்றிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இனி பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அண்ணி நம்பினாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒருநாள் காலை வாண்டு எழுந்து வரவில்லை. பதறிப்போய் ஓடினோம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா, தெரியாம படுக்கையிலேயே போயிட்டேன். நிறைய தண்ணி குடிக்கச் சொன்னாங்கல்ல, அதான்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆபரேஷன் வரை அந்தக் குழந்தை சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறாள். அண்ணி போர்வையை விலக்கினாள். மெத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நனைந்திருந்தது. ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து மகளை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"அழாதடி என் தங்கம், இன்னும் குடி. நல்லா போ."