நீலச் சட்டை எங்கே என்று கேட்ட நாள்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை ஓய்ந்து, தெற்கிலிருந்து வரும் பாதை திறந்து, யாழ்ப்பாணத்துக் கடைகளில் புதுத் துணிகள் வந்து தொங்கத் தொடங்கியிருந்த நேரம். நான் அப்போது ஊர்காவற்றுறைப் பக்கத்தில் குடும்பநல மாதாக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்று பேர் பார்க்க வேண்டிய இடங்களை ஒருத்தியாகப் பார்த்த காலம் அது. கிழமையில் ஒரு நாள் வள்ளம் ஏறி அனலைதீவுக்குப் போய், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருவேன். உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து என் வெள்ளைச் சீலையின் கரை எப்போதும் பழுப்பாகவே இருக்கும். அதை வெளுக்க வைக்கிற ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அங்கே கிளினிக்குக்கு ஒருத்தி வருவாள். இருபத்துமூன்று வயது, தலைப்பிள்ளை. கணவனுக்குக் கடற்றொழில். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாண ரவுணில் ஒரு தையல் கடையில் வேலை செய்தவள். மற்றப் பெண்கள் அக்காவின் நைட்டி, மாமியின் பழஞ்சீலையைக் கிழித்துத் தைத்த சட்டை என்று எதையாவது போட்டுக்கொண்டு வந்து மர வாங்கிலில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். இவள் மட்டும் அழகாக உடுத்து வெளிக்கிட்டு வருவாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சட்டை, தானே தைத்தது. நெஞ்சுக்குக் கீழே சுருக்கு, பின்னால் முடிச்சுப் போடுகிற பட்டி. வயிறு பெருக்கப் பெருக்கப் பட்டியை இளக்கிக்கொள்ளலாம். அதே துணியில் தலைக்கும் ஒரு பட்டி, காதில் வெள்ளைத் தோடு. ஏழு மாத வயிறு அந்தச் சட்டைக்குள் அவ்வளவு வடிவாக இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த எடுப்பெல்லாம் தேவையா என்று பெரிதாக நியாயம் பேசியிருப்பேன். உண்மை அதுவல்ல. தொண்ணூற்றாறில், இடம்பெயர்ந்து ஒண்டியிருந்த வீட்டில் என் மகளைச் சுமந்தபோது, மாற்றிக் கட்ட எனக்கு இருந்தவை இரண்டே இரண்டு பாவாடைகள். என் வயிற்றை யாரும் வடிவென்று பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் பொறாமை, வேறொன்றுமில்லை. இதை ஒத்துக்கொள்ள இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

"கலியாண வீட்டுக்கோ வெளிக்கிட்டனீர்? கிளினிக்குக்குத்தானே வந்தனீர்?" என்று ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். வாங்கிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இப்பிடி வெளிக்கிட்டால்தான் மிஸ் எனக்கு மனம் தெம்பாய் இருக்கும். ரெண்டு நாள் வெளிக்கிடாமல் இருந்தால் என்னவோ ஒரு மாதிரிக் கிடக்கும்."

அந்தப் பதிலை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். அடுத்தவளைக் கூப்பிடுகிற அவசரத்தில் இருந்தேன்.

பிள்ளை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த கிழமை பார்க்கப் போனேன். பழைய நைட்டி ஒன்றோடு இருந்தாள், நெஞ்சில் பால் கறை, தலைமயிரை வாராமல் அள்ளி முடிந்திருந்தாள். காதில் தோடு இல்லை. பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. என் வாய் சும்மா இருக்குமா?

"இப்பதான் உம்மைப் பார்க்க ஒரு தாய் மாதிரி இருக்கு. உந்த அலங்காரமெல்லாம் இனி உமக்கு எதுக்கு?" என்றேன். அவள் நைட்டியின் கறையைக் கையால் மூடிக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோதும் அதே நைட்டி, அதே கறை. அவளுடைய மாமியார் என்னைப் படலை வரைக்கும் வந்து வழியனுப்பும்போது, "ராவிலை நித்திரையே கொள்ளுறாளில்லை மிஸ். பேச்சும் குறைஞ்சு போச்சு" என்றார். "பிள்ளை பெத்தவளுக்கு எங்கை அம்மா நித்திரை?" என்று சொல்லிவிட்டு வந்தேன். குழந்தை நன்றாக நிறை கூடியிருந்தது. அட்டையில் தாயும் சேயும் நலம் என்று எழுதினேன். இன்னும் நான்கு வீடு பாக்கி, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

மூன்றாம் முறை போனபோது குழந்தை ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தது. விறாந்தைக் கூரை வளையில் என் தூக்குத் தராசைக் கொழுவிக் குழந்தையை நிறுத்தேன். நல்ல நிறை. அவளிடம் இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டுக்கும் "ஓம்" என்றாள். வள்ளத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாகத் துறைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில்தான் பையின் பாரம் குறைவாக இருப்பது தெரிந்தது. தராசு வளையிலேயே தொங்குகிறது! என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் குழந்தை பாயில் கிடந்து வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. மாமியார் கடைக்குப் போய்விட்டார். "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கிணற்றுக் கட்டின்மேல், கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் போட்டால் திடுக்கிட்டுவிடுவாள், ஓடினாலும் அப்படித்தான். வாயில் வந்தது இதுதான்.

"தங்கச்சி, அந்த நீலச் சட்டை எங்கை?"

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "எந்தச் சட்டை?"

"புள்ளிச் சட்டை. தலைக்கும் பட்டி தைச்சனீரே."

"அது இனி எனக்கு எதுக்கு மிஸ்? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு அடியாகக் கிட்டப் போனேன். "நான் சொன்னது பிழை தங்கச்சி. எனக்கு உம்மிலை எரிச்சல், அதுதான் அப்பிடிச் சொன்னனான். இஞ்சை, என்ரை கையைப் பிடியும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துவிட்டேன். இறங்கி வந்தாள். நிலத்தில் குந்தி, "எனக்கு ஏலாமல் கிடக்கு மிஸ், ஒண்டும் ஏலாமல் கிடக்கு" என்று அழத் தொடங்கினாள். நானும் அவளோடு மண்ணிலேயே இருந்து அழுதேன்.

அன்றைக்கு வள்ளம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். விடிந்ததும் அவளையும் குழந்தையையும் கணவனையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனம் இப்படி நோயாகிறது, அது அவள் குற்றமில்லை, மருந்தும் துணையும் இருந்தால் மாறும் என்று டொக்டர் அவள் கணவனுக்கு விளங்கப்படுத்தினார். பக்கத்தில் நின்ற நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்துப் பரீட்சை எழுதித்தானே நானும் இந்த வேலைக்கு வந்தேன்!

மாறத்தான் செய்தது, ஆனால் மாதக் கணக்கு எடுத்தது. தடுப்பூசி போடுகிற ஒரு நாள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால், எதிரில் நீலப் புள்ளிச் சட்டை. முன்பக்கத்தை வெட்டிப் பொத்தான் வைத்திருந்தாள். மிஞ்சின துணியில் குழந்தைக்கும் ஒரு சின்னச் சட்டை.

"தெறி வைச்சால் பால் குடுக்க லேசு மிஸ். நல்லா இருக்கோ?"

"நல்ல வடிவாய் இருக்கிறீர்" என்றேன். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கடை சீலைக் கரையைத்தான் ஒருக்கால் வெளுக்கப் போடவேணும்" என்றாள். வாங்கிலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தராசைக் கொழுவுவதற்கு முன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன உடுத்தியிருக்கிறாள், தலை வாரியிருக்கிறாளா, போன முறைக்கு இந்த முறை என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஆனாலும் அதற்கு முன்னர் எத்தனை வீடுகளில் பிள்ளையின் நிறையை மட்டும் பார்த்து நலம் என்று எழுதிவிட்டு வள்ளத்துக்கு ஓடியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால், இன்றைக்கும் கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.