குத்துவிளக்கைத் தொடக்கூடாதவள்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறுவருஷம் வந்த பாகிஸ்தான் சண்டைக்கு, எங்கள் கோம்பையிலிருந்து மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள். சின்னச்சாமிக்குத் தந்திதான் வந்தது.

இன்று காலை உத்தமபாளையத்து மண்டபத்தில் ராணுவக் குடும்பங்களுக்குப் பாராட்டு விழா. வாசலில் சின்னச்சாமி படத்தை ஆள் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். அவன் பெண்சாதிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரன் நானும் போயிருந்தேன்.

"வீரர் குடும்பத்தார் குத்துவிளக்கு ஏற்றுவார்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். நம்மைத்தான் என்று அவள் எழுந்து போனாள். விழா நடத்துகிறவர் ஓடிவந்து மறித்தார்.

"ஆத்தா, கோவிச்சுக்கிறாதீக. மங்கலக் காரியம் பாருங்க, சுமங்கலி யாராச்சும் ஏத்தட்டும். நீங்க அங்கன உக்காருங்க. சால்வை போடுறப்பக் கூப்பிடுறோம்."

"ஏலே, எம்புருசன் சகுனம் பாத்துக்கிட்டா சண்டைக்குப் போனாரு?"

பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த ஆளின் மனைவியே பட்டுச்சேலையில் வந்து விளக்கேற்றினாள். மண்டபமே கைதட்டியது. அத்தனை பேரும் படித்தவர்கள். எனக்கு எழுதத் தெரியாது, நான் பேசப் பேச இந்தப் போன்தான் எழுதுகிறது. ஆனால் கைதட்டாதது நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் சால்வைக்குக் காத்திருக்கவில்லை. "வாங்கண்ணே, பஸ் போயிரும்" என்று இறங்கிவிட்டாள்.

செத்தவன் படத்துக்கு மாலை போடலாம், அவனுக்காகத் தாலி அறுத்தவள் விளக்கைத் தொடக்கூடாது. இது எந்த ஊர் மரியாதை? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

மேடையில் அவளை 'வீரரின் விதவை' என்றுதான் சொன்னார்கள். அவளுக்குப் பேர் இருக்கிறது. அன்றைக்குப் போன மூவரும் இன்று இல்லை. அவர்களை வழியனுப்பிய பெண்சாதிகளில் இன்னும் உயிரோடு இருப்பவள் செல்லத்தாயி ஒருத்திதான்.