வலது கைக் காப்பும் இடது பக்க வலியும்

என் வீட்டுக்காரர் பொன்னுத்துரை உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். நடுவில் வண்டி டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். குழம்பு சட்டையில் சிந்தும். துவைப்பது நான்தானே, அவருக்கென்ன!

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தோட்டம் தோட்டமாகப் போய் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றி, தன் குட்டியானை லோடு வண்டியில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். நான் அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பழகியவள். இந்த ஒரு பிள்ளையை மட்டும் என்னால் உட்கார வைக்க முடியவில்லை.

முதல் தடவை வலி வந்தபோது, இடது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சூடு புடிச்சிருச்சு வள்ளி" என்றார். இளநீர் குடித்தார், மோரில் வெந்தயம் போட்டு விழுங்கினார். கேட்கவில்லை. அடுத்து, மூட்டை தூக்கியதில் குடல் ஏறிவிட்டது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் வயிற்று வலிக்கு முதல் வைத்தியமே அதுதான். பளு தூக்கினால் குடல் இடம் மாறிவிடும், விளக்கெண்ணெய் தடவி நீவி இறக்க வேண்டும் என்பார்கள். கீழத்தெரு ஒச்சாயி வந்து நீவினாள். அவள் கட்டைவிரல் அந்த இடத்தில் பட்டதும் இவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்று சாயங்காலம் காய்ச்சல் அனலாக அடித்தது. திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் ஆரோக்கியதாஸ் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "பெருங்குடல் சுவர்ல அங்கங்க சின்னச் சின்னப் பை மாதிரி பிதுங்கியிருக்கும்மா. அதுல ஒரு பை வீங்கிச் சீழ் வச்சிருக்கு. இதைப் போய் யார் நீவுனது?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தோம்.

அந்த நோய்க்கு டைவர்டிகுலைடிஸ் என்று பெயர். ஒழுங்காகக் கையெழுத்துப் போடச் சோம்பல்படுகிற மனிதர் அந்தப் பெயரை மட்டும் நாக்குப் புரளாமல் சொல்லக் கற்றுக்கொண்டார். ஏதோ கலெக்டர் தனக்குச் சொந்தக்காரர் என்பது மாதிரி மார்க்கெட் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டர் சொன்ன மற்ற விஷயங்களைச் சொல்லவில்லை. வலி இருக்கும்போது நீராகாரம், ஆறிய பிறகு கீரை, காய், பழம், நிறையத் தண்ணீர். காய்ச்சல் வந்தாலோ, வாந்தி வந்தாலோ, வயிறு கெட்டிப்பட்டாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. மிச்சம் வைத்த மாத்திரையைத் தானாக எடுத்துப் போடவே கூடாது.

வலி போவதும் வருவதுமாக இருந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் இவர் கொஞ்சம் கொஞ்சமாக டாக்டராகிக்கொண்டே வந்தார். வலியை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார், டவுன் பஸ் வலி, எக்ஸ்பிரஸ் வலி என்று. டவுன் பஸ் வலி நின்று நின்று வரும், கஞ்சித் தண்ணீர் குடித்தால் இறங்கிப் போய்விடும். எக்ஸ்பிரஸ் வலி நிற்காது, அதற்குத்தான் ஆஸ்பத்திரி. வந்திருப்பது எந்த பஸ் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். எனக்குக் கிடையாது. வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் பழைய மாத்திரை அட்டைகளைப் பதுக்கி வைத்திருந்தார். நான் எடுத்துக் குப்பையில் போடுவேன், மறுபடியும் முளைக்கும்.

மூன்றாவது தடவை படுத்து எழுந்தபோது டாக்டர் தெளிவாகவே சொன்னார். "அந்தத் துண்டுக் குடலை இப்பவே வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைச் சேத்துட்டா நிம்மதி. அவசரத்துல பண்றதைவிட நிதானமாப் பண்றது நல்லது. யோசிச்சு வாங்க." இவர் யோசித்தார். தக்காளி சீசன் முடியட்டும் என்றார். ஆடி போகட்டும் என்றார். கார்த்திகையில் மழை என்றார், தையில் முருங்கை என்றார். நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு வேளை சமைக்காமல்கூடப் பார்த்தேன். கடையில் இட்லி வாங்கி நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் எங்கள் மகள் ஜீவிதாவுக்குக் குழந்தை பிறந்தது. சின்னாளப்பட்டியில் கட்டிக்கொடுத்துப் பல வருடம் பிள்ளை இல்லாமல் அவள் பட்ட பேச்சும் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரியும் எங்களுக்குத்தான் தெரியும். தமிழ்நிலா பிறந்ததும் இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

இந்த வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குச் சாமி சாட்டினார்கள். மஞ்சள் கயிற்றுக் காப்பு இவர் வலது கையில் ஏறியது. காப்புக் கட்டியவர் பகலில் எங்கே போனாலும் இரவு ஊருக்குள் வந்துவிட வேண்டும், வெளியூரில் தங்கக் கூடாது. தங்கினால் யாருக்காக நேர்ந்ததோ அவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

காப்புக் கட்டி ஓரிரு நாளில் வலி வந்துவிட்டது. கூடவே காய்ச்சல். "டவுன் பஸ்தேன்" என்றவரைத் திட்டித் திட்டித் திண்டுக்கல்லுக்குக் கிளப்பினேன். வண்டியை அவர்தான் ஓட்டினார், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வயிற்றில். டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே, "இன்னைக்கே அட்மிட் ஆகணும்" என்றார்.

"அதுக்கென்னங்கய்யா, வீட்டுல போயி துணிமணி எடுத்துட்டு வந்துர்றோம்" என்றார் இவர், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும், "திரும்பி வர மாட்டீகதான?" என்று கேட்டேன்.

"எப்பிடி வாரது? ராத்தங்கச் சொல்றாக. தீச்சட்டி முடியட்டும், மறுநாளே வந்து படுத்துக்கிறேன். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு."

"வயித்துல இருக்கது ஒங்க பேச்சக் கேக்குமா?"

"வள்ளி, இது எனக்காக நேந்ததா? புள்ள பேருக்கு நேந்தது. சாமி காரியத்துல விளையாடாத."

ஊர் வாயை அடைப்பவள் நான். அந்த இடத்தில் என் வாய் அடைத்துக்கொண்டது. தமிழ்நிலாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்கு அவர் மேல் ஆத்திரம், மாரியாத்தா மேல் ஆத்திரம், பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்த என் மேலேயும் ஆத்திரம்.

அன்று மாலை முழுக்க முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். வலி ஏறினால் தூணைப் பிடித்துக் குனிவார், இறங்கினால் மறுபடி நடை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மாற்றி மாற்றி ஒரே நினைப்பு. மறுநாள் காலையிலும் வண்டிப் பெட்டி மாத்திரை, கஞ்சித் தண்ணீர், நடை. அங்கன்வாடிக்குப் போனேனே தவிர என் மனசு அங்கே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களே சிரித்தார்கள்.

மதியம் வீட்டுக்கு ஓடி வந்தேன். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். அசையவே இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு, ஒருவழியாகப் படுத்தாரே என்று. வலி விட்டிருக்கும், அசந்து தூங்கட்டும் என்று கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தேன். என் முழங்கால் கட்டிலில் லேசாக இடித்தது. அந்தச் சின்ன ஆட்டத்துக்கே அவர் முகம் கோணிப் பல் தெரிந்தது.

"முழிச்சுத்தான் இருக்கீகளா? தேவலையா?"

"ம்."

"செத்த ஒருக்களிச்சுப் படுங்க, கஞ்சி தாரேன்."

"வேணாம். அசைச்சுறாத."

உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. தூக்கத்தில்கூடக் கால் ஆட்டுகிற மனிதர். சட்டையை விலக்கி வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. அவர் மூச்சு நெஞ்சோடு திரும்பியது, வயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வலி விட்டதால் படுத்திருக்கவில்லை, அசைய முடியாமல் கிடக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கஞ்சி டம்ளரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. 108-க்குப் போன் போட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "காப்பு..." என்று முனகினார்.

"கம்முனு இருங்க. ஆத்தா கோவப்பட்டா எம்மேல படட்டும். ஒங்களையும் புள்ளையையும் தொட்டா நாம்போயி அவகிட்டச் சண்ட போடுவேன்" என்றேன். வேப்பிலைத் தோரணம் கட்டிய ஊர் எல்லையை ஆம்புலன்ஸ் தாண்டியதும் ஜீவிதாவுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்ததும், "பிள்ள எப்பிடி இருக்கா?" என்றுதான் கேட்டேன்.

"நல்லா இருக்காம்மா. பப்பாளிய மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டுத் தின்றா. ஏம்மா, என்ன சத்தம் அங்க?"

அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதேன்.

டாக்டர் ஆரோக்கியதாஸ் எங்களைத் திட்டவில்லை. அவர் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பை வெடிச்சு வயிறு பூராப் பரவிருச்சும்மா. உடனே திறக்கணும். உறுதி சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். நர்ஸ் கத்தரிக்கோலால் காப்பை வெட்டி என் கையில் கொடுத்தாள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். யார் யாரோ, "உக்காருங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார்கள்.

ஊரில் தீச்சட்டி எடுத்த நாளில் அவர் ஐசியூவில் கண் திறக்காமல் கிடந்தார். கெட்ட குடலை வெட்டி எடுத்து, மீதியை வயிற்றின் மேல் திறந்து, மலம் வந்து சேர வெளியே ஒரு பை மாட்டிவிட்டிருந்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு மூக்குக் குழாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காற்றுப் போன குரலில் பேசினார்.

"ஏன்டி, நான் ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்னா நீ விட்டுருவியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாருக்கே நாயம்! சாமி காரியம், புள்ள பேருக்கு நேந்ததுன்னு சொன்னது யாரு? நானா?"

"நாந்தேன் சொன்னேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து எம்பேச்ச என்னைக்கு நீ கேட்ட? அன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்ட?"

பேத்தி முகம் வந்து மறித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கேக்க மாட்டேன்" என்றேன்.

"கேக்காத" என்றார்.