வலிப்பை நிறுத்திய சாவி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் இன்று சிங்கப்பூர் ஜூரோங்கில் மூன்று லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன் என்றால், உட்கார்ந்தா சம்பாதித்தேன்? அப்படிப்பட்டவனைப் போன வாரம் மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் காக்கவைத்தார்கள். முன்பு வந்த லேசான பக்கவாதம் இப்போது வலிப்பாகத் திரும்பியிருக்கிறதாம்.

"காயம் ஆறினாலும் மூளையில அந்த இடத்துல நரம்பெல்லாம் தானா புது வயரிங் போட்டுக்கும், அங்கிள். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நடக்கும். ஒருநாள் எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். அதான் வலிப்பு," என்றாள் டாக்டர் பெண். "ஆரம்பத்திலேயே அதைத் தடுக்க மருந்து தேடிக்கிட்டு இருக்காங்க. சிலருக்கு மண்டைக்குள்ள சின்ன மெஷின் வைக்கிறாங்க, கிளம்பும்போதே அமுக்கிடும். உங்களுக்கு மாத்திரை போதும் லா."

"எங்க காலத்துல இரும்புச் சாவிதான்."

"சாவி குடுத்தாலும் குடுக்காட்டியும் பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும், அங்கிள்."

அவள் சிரித்தாள். எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது.

எட்டு வயதில் தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் இருந்தோம். சித்தப்பா கப்பலில் மூட்டை ஏற்றுவார். ஒருமுறை பலகை வழுக்கி விழுந்து தலையில் அடி. பத்து நாளில் புண் ஆறிவிட்டது. ஒரு வருடம் கழித்துத்தான் வலிப்பு வந்தது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை; கெட்ட காற்று என்றார்கள். வலிப்பு வரும்போதெல்லாம் பெட்டிச் சாவியை அவர் கையில் திணிப்பது என் வேலை. என்னைவிட வேகமாக ஓட அந்த வரிசை வீடுகளில் ஒரு பயல் இல்லை. நான் திணிப்பேன், நின்றுவிடும். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

"வெளியில மூச்சு விட்டே, சித்தப்பா வேலை போயிரும்," என்று அம்மா எச்சரித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் மேலாளான மண்டோர் வீட்டுக்கு வந்தார். தேநீரை உறிஞ்சிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்.

"என்னடா, பெட்டிச் சாவியை மாட்டிக்கிட்டு ஊர்கோலம் போறே? நீதான் வீட்டுக்கு முதலாளியோ?"

என்னைப் பார்த்து அப்படிக் கேட்டால்?

"சித்தப்பா வலிப்பை நிறுத்துறது நான்தான்! நாலு தடவை நிறுத்தியிருக்கேன்!"

மண்டோர் கோப்பையைக் கீழே வைத்தார். சித்தப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரமே சித்தப்பாவுக்கு வேலை இல்லை என்றார்கள். எனக்கு நிம்மதி. துறைமுகத்தில் விழுந்தால் சாவியோடு நான் எப்படிப் போய்ச் சேர்வது? இனி அவர் என் பக்கத்திலேயே இருப்பார்.

மறுநாள் காலை துறைமுகச் சங்கு ஊதியது. சித்தப்பா எழுந்து ஆணியில் இருந்த சட்டையை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது, கை நடுங்கியது. நான் பாய்ந்து போய்ச் சாவியை அவர் கையில் திணித்தேன். அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

"பாத்தியாம்மா, அஞ்சாவது தடவை!" என்று அடுப்படிக்கு ஓடினேன்.