சிமெண்ட் பூசிய எண்ணெய்த் தொட்டி

ஆரணியில் எங்கள் தெருவில் பவுல்துரையின் பரோட்டாக் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். நல்ல வாசனை தெருமுனை வரைக்கும் போகலாம், கெட்ட வாசனை ஒரு துளியும் வாடிக்கையாளர் மேல் படக் கூடாது என்பது அவர் கொள்கை. கல்லாவில் ஊதுபத்தி, கை கழுவும் இடத்தில் பினாயில், சட்டையில் அத்தர். அவரை உரசிப் போகும் பூனைகூடக் கொஞ்சம் மணக்கும்.

ஆனால் அவர் கடையின் டால்டாவெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீரோடு தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் நெசவாளர்களின் மிச்சக் கஞ்சிக்கும் அதே சாக்கடைதான். உள்ளே இரண்டும் சந்தித்து, பிரிய மனமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டன. ஒருநாள் சாக்கடை பொங்கி, தருமன் கட்டியிருந்த பாவுக்கு அடியில் எண்ணெய்த் தண்ணீர் வந்து நின்றது.

"அண்ணே, நான் நெய்யறது பட்டுப் புடவை. பரோட்டா இல்ல" என்றார் தருமன். சொன்னதோடு நிற்காமல் நகராட்சிக்கும் போனார்.

சுகாதார ஆய்வாளர் அன்புச்செல்வி வந்தார். "தண்ணி சாக்கடைக்குப் போற வழியில எண்ணெய் தடுக்கத் தொட்டி கட்டுங்க. மேல மிதக்கறத அடிக்கடி அள்ளி எடுங்க. இன்னொரு வாட்டி ரோட்டுக்கு வந்துச்சுனா கடைக்கு சீல்தான்."

பவுல்துரை தொட்டி கட்டினார். கடையை மந்திரிக்க வந்த பங்குச்சாமியாரைப் பின்பக்கம் அழைத்துப்போய்த் தொட்டியையும் காட்டினார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு தீர்த்தம் தெளித்துவிட்டு வேகமாகத் திரும்பினார். அந்த வேகம்தான் பவுல்துரையை யோசிக்க வைத்தது. மறுநாளே மூடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் மேலே ஒரு சிலுவையும் கீறினார்.

"இன்னாங்க இது, தொறந்து அள்ளணும்னு அந்தம்மா சொன்னாங்களே?" என்றார் மனைவி சூசைமேரி.

"தொறந்தா நாறும். மூடினா நாறாது. இதுல யோசிக்க இன்னா கீது?"

கொஞ்ச காலம் எதுவும் நாறவில்லை. பிறகு ஒரு காலையில் பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் இறங்க மறுத்தது. ஊறி ஊறி வாசற்படியை நோக்கி நகர்ந்தது. வெளியே தருமன் அப்போதுதான் பாவு கட்டிக்கொண்டிருந்தார். பவுல்துரை வாசலில் கோணிச் சாக்கைப் போட்டு அடைத்துவிட்டு, கழிவுநீர்க் குழாயில் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றினார். தண்ணீர் இன்னும் ஏறியது.

"வெந்நீ ஊத்தறதுக்கு அதுக்கின்னா சளியா புடிச்சிருக்கு? ஜல்தியா மூடிய ஒடைங்க!" என்றார் சூசைமேரி.

"மந்திரிச்சதுடி. சிலுவை வேற கீது."

"கடைக்கு சீல் வெச்சா அதுமேல யாரு சிலுவை போடுவா?"

கோணியைத் தாண்டி ஒரு கோடு தண்ணீர் தெருவை எட்டிப் பார்த்தது. பவுல்துரை சட்டையைக் கழற்றினார், கடப்பாரையை எடுத்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், ஓங்கி இடித்தார். மூடி பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, கத்தி போட்டு வெட்டலாம் போல் உறைந்திருந்தது. வாளியால் அள்ள அள்ள, தண்ணீர் ஒரு பெருமூச்சோடு உள்வாங்கியது.

"இம்மாம் டால்டாவா நாம போட்டோம்?"

"இது பாதிதான். மீதி ஊர் வயித்துல கீது" என்றார் சூசைமேரி.

தருமன் ஃபோன் செய்திருக்க வேண்டும். அன்புச்செல்வி வண்டியை நிறுத்திவிட்டு வந்து தெருவைப் பார்த்தார். தண்ணீர் பாவை எட்டவில்லை. பின்பக்கம் வந்து, முழங்கை வரை வெள்ளையாக நின்ற பவுல்துரையைப் பார்த்தார்.

"சீல் வைக்கல. இரும்புத் தகட்டுல மூடி போடுங்க. வாரம் தவறாம அள்ளணும்."

"நகராட்சி ஆளுங்க வந்து அள்ளிட மாட்டாங்களா மேடம்?"

"கடை உங்களுது, டால்டா உங்களுது. கை மட்டும் எங்களுதா?"

பவுல்துரை குனிந்தபடியே பேரம் பேச ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகணும், திங்கள் சந்தை, வெள்ளிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, செவ்வாய்க்கிழமைன்னா பாக்கலாம், அதுவும் சாயந்தரமா இருந்தா...

"அவங்க அப்பவே போயிட்டாங்க" என்றார் சூசைமேரி. "நீங்க அள்ளுங்க."